ரீற்றா மிஸ்ஸின் பார்பேரா

வெள்ளவத்தைச் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது ரீற்றாவின் தம்பி அன்ரனின் அழைப்பு வந்தது. "அக்கா போயிட்டா, மாலினி" என்றார். பிறகு, வேறென்ன சொல்வதென்று தெரியாதவர்போல, "இங்க நல்ல மழை" என்றார். கீரைக் கட்டைத் திரும்ப வைத்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

எங்கள் ஹோட்டல் பயிற்சிக் கல்லூரியில் படித்த உங்களுக்கு ரீற்றா மிஸ்ஸை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எந்த உணவோடு எந்த வைன் என்று அவர் கற்பித்தார். பக்கத்து அறையில் நான் உணவுச் சுகாதாரம் கற்பித்தேன். அவருடைய பாடத்தில் எனக்கு நெடுங்காலம் நம்பிக்கை இருக்கவில்லை. ஒரு கிளாஸுக்குள் பூவும் புகையிலையும் மணக்கின்றன என்பவர்களை, இரசாயனம் படித்த நான் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

ஒருநாள் அவருடைய வகுப்பில் போய் இருந்தேன். அன்று பார்பேரா. இத்தாலியின் வடமேற்கில் விளையும் கருஞ்சிவப்புத் திராட்சையின் வைன். அவருக்கு மிகப் பிடித்ததும் அதுதான். மேசையில் சின்னச் சிவப்பு லொவிப் பழமும் நாவற்பழமும் இருந்தன.

"செர்ரி மாதிரி எண்டு புத்தகத்தில இருக்கும். உங்களில எத்தினை பேர் செர்ரி திண்டனீங்க? லொவியைக் கடியுங்க, அந்தப் புளிப்புத்தான். இப்ப நாவல். நாக்கை இழுக்குதெல்லே? கனக்கச் சிவப்பு வைன்கள் இப்படித்தான் இழுக்கும். உறைப்புக் கறியோட குடிச்சா வாய் இன்னும் எரியும். இவன் அவ்வளவு இழுக்க மாட்டான்."

வைனை அவர் 'இவன்' என்றுதான் சொல்வார்.

போத்தலைக் கொஞ்ச நேரம் குளிரூட்டியில் வைத்துத்தான் திறப்பார். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் அல்லவா கொடுக்க வேண்டும் என்று கொள்ளுப்பிட்டி ஹோட்டல் ஒன்றிலிருந்து வந்த ஒரு முகாமையாளர் கேட்டார். "ஓம் சேர். ஆனா அந்த அறை கொழும்பில இல்ல" என்றார் ரீற்றா.

இத்தாலியர்கள் பார்பேராவை இறைச்சிக் குழம்போடும் தக்காளிச் சாறிட்ட பாஸ்தாவோடும் குடிப்பார்கள். ரீற்றா வீட்டில் அது கொறக்காப்புளி, அதாவது குடம்புளி, போட்ட பன்றிக் கறியோடு. கொழுப்பை அந்தப் புளிப்பு வெட்டும். "கறியை விட வைன் புளிக்க வேணும். இல்லாட்டி வைன் வெறும் தண்ணி" என்பார்.

பிறகு தொண்டையில் புற்றுநோய் வந்தது. கதிர்ச் சிகிச்சை அவருடைய ருசியை முழுதாக எடுத்துவிட்டது. "எல்லாம் நனைஞ்ச காட்போட் மட்டை மாதிரி, மாலினி" என்றார். குழாய் வழியாகத்தான் உணவு. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வரச் சொன்னார். தம்பி அன்ரன் பன்றிக் கறி சமைப்பார். ரீற்றாவும் தனக்கு முன்னால் ஒரு வெறும் தட்டை வைத்துக்கொண்டு மேசையில் இருப்பார்.

"நீர் சாப்பிட்டுச் சொல்லும். நான் கேட்கிறன்."

"நல்லாயிருக்கு."

"அது மரியாதை. ருசியைச் சொல்லும்."

கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். கொழுப்பு நாக்கில் படிகிறது, வைன் வந்து கழுவுகிறது, மிளகு பின்னால் நிற்கிறது என்று தெரிந்தபடி சொன்னேன். சில வேளை அவருடைய தொண்டை அசையும்.

ஒரு ஞாயிறு ஒரு வாய் குடித்ததுமே கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். வைன் கெட்டிருந்தது. அன்ரன், அக்காவின் தலைக்கு மேலால், சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ரீற்றா எவ்வளவு மெலிந்திருந்தார் என்பது எனக்கும் தெரிந்தது.

"வினாகிரி மாதிரி இருக்கு, ரீற்றா. குடிக்கேலாது."

அவர் கண்ணைத் திறந்தார். "போன கிழமைப் போத்தல். மூடாம யன்னலில வைச்சனான்."

"ஏன்?"

"நீர் என்னில பாவம் பார்த்துச் சொல்லுறீரோ எண்டு எனக்கு எப்படித் தெரியும்?" வெறும் தட்டைத் தனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். "அப்ப முந்திச் சொன்னதெல்லாம் உண்மைதான்."

அதன்பின் சில ஞாயிறுகளே எங்களுக்குக் கிடைத்தன.

இறுதிச் சடங்கில் உங்களில் பலர் என்னிடம் வந்து, "மிஸ் நிம்மதியாத்தானே போனவ?" என்று கேட்டீர்கள். ஆம் என்ற பதிலுக்காகக் காத்து நின்றீர்கள். இல்லை. அவர் மிகவும் கஷ்டப்பட்டார். கடைசி நாட்களில் எச்சில் விழுங்கவே அழுதார். இப்படிப் பதில் சொல்லும் பழக்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. இதை மறைக்காமல் சொல்வதால், அடுத்ததையும் நீங்கள் நம்பலாம்: அந்த ஞாயிறுகளில் ரீற்றா வயிறாரச் சாப்பிட்டார்.