சாயாவோடு விழுங்கிய மாத்திரை

என் பித்தப்பையில் கல். எண்ணெயில் பொரித்த பழம்பொரி ஒன்று தின்றால் போதும், வலது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடிக்கும். கல்லை எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. ஆனால் ஹீமோகுளோபின் எட்டுதான் இருக்கிறது, பத்துக்கு வந்தால்தான் ஆபரேஷன் என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

மட்டாஞ்சேரியில் ஒரு குடோனில் சுக்கு தரம் பிரிக்கிறவள் நான். பத்துப் பெண்கள் நடுவே மாத்திரைக்குத் தண்ணீர் கேட்கக் கூச்சம். என்ன நோவு, எத்தனை நாளாய் என்று பத்து வாயும் திறக்கும். அதனால் முந்தானையில் முடிந்து கொண்டுபோய், பத்து மணிச் சாயா வந்ததும் கிளாஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்து விழுங்கிவிடுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அதே எட்டு.

“அம்மே, குளிகை தினமும் கழிச்சோ? மாத்திரை முழுங்கினீங்களா?”

“கழிச்சேன் டாக்டரே.”

“வெளிக்குப் போறது கறுப்பா இருக்கா?”

கறுப்புதான். அதைப் போய் வாயால் சொல்வதா? “இல்லே” என்றேன், தரையைப் பார்த்து.

“அப்போ மாத்திரை உள்ளே போகலே, போனா கறுக்கும். கள்ளம் பறையண்டா, பொய் வேண்டாம்.”

குடோனில் என் பக்கத்தில் உட்காரும் சேச்சிதான் துணைக்கு வந்திருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஐயோ, இவ முழுங்குது டாக்டரே! சாயா கிளாஸுக்குப் பின்னாலே ஒளிச்சு முழுங்கும். நாங்க எல்லாரும் தினமும் பார்த்துச் சிரிக்கறதுதானே!”

“சாயாவோடயா?” டாக்டரம்மா தலையில் கைவைத்தார். “அது இரும்பை ரத்தத்திலே சேர விடாது அம்மே. எலுமிச்சம்பழ வெள்ளத்திலே கழிக்கணும். சாயா ரெண்டு மணி நேரம் கழிஞ்சு போதும்.”

மறுநாள் முதல் எனக்குப் பத்துக் காவல்காரிகள். எட்டு மணிக்கு ஒருத்தி எலுமிச்சம்பழத் தண்ணீரை நீட்டுவாள், மற்றவர்கள் என் தொண்டைக்குழியைப் பார்ப்பார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் சாயாவைத் தொட்டால் கையில் அடி. சில வாரங்களில், குடோன் படியில் நடுவே நின்று மூச்சு வாங்குவதை மறந்தே போனேன்.

அடுத்த பரிசோதனையில் பத்தரை. டாக்டரம்மா விடவில்லை, அதே கேள்வியைக் கேட்டார். கதவு திறந்திருந்தது, வெளியே வரிசை.

“கறுப்பு டாக்டரே! நல்ல கறுப்பு!”

வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு முகம் சிவந்துபோனது. “பாரு, ரத்தம் ஏறினது தெரியுது” என்றாள் சேச்சி.

கல்லை எடுத்து மாதங்கள் ஆயிற்று. நேற்று பத்து மணிக்குச் சேச்சி அரைப் பழம்பொரி பிய்த்துத் தந்தாள். மறைக்காமல் தின்றேன்.