களத்தில் நின்ற மூன்று படகுகள்

வீரமணிக்குப் படகைக் கழுவத் தெரியும். சிங்கப்பூரில் இருபது வருஷத்துக்கு மேல் அவர் பார்த்த வேலை அதுதான். பணக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கிவிட்டுப் போகும் பாய்மரப் படகுகளை மற்ற நாளெல்லாம் தேய்ப்பது, துடைப்பது, பாயை உலர்த்தி மடித்து வைப்பது. அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டும்போதே அந்தப் படகு எந்தக் கடலுக்குப் போய் வந்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவர் துடைத்த படகில் முகம் பார்த்துத்தான் ஒரு கோடீஸ்வரர் தினமும் சவரம் செய்துகொண்டார் என்றும் பூம்புகாருக்கு மேற்கே அவருடைய ஊரில் ஒரு பேச்சு உண்டு. வீரமணி அதை மறுத்ததில்லை. ஆனால் ஒரு படகின் விலையை மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கழுவுகிறவனுக்கு விலை எதற்கு?

இப்போது கேட்க வேண்டி வந்துவிட்டது.

ஊர் திரும்பியபோது அவர் நகை வாங்கவில்லை, மாடி கட்டவில்லை. புதுச்சேரியில் யாரோ சலித்துப்போய் விற்ற ஒரு சின்னப் பாய்ப் படகை வாங்கிவந்து பூம்புகார் கரையில் கட்டிவைத்தார். மீன் பிடிக்காத படகு ஒன்று கரையில் நிற்பதைப் பார்த்து, அதற்குக் காவல் இருக்க ஒப்புக்கொண்ட மீனவர் வீரையனுக்கே வெட்கமாக இருந்தது. "சும்மா போயிட்டுச் சும்மா வர்றதுக்கு ஒரு படகாங்க?" என்று கேட்டார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

அந்தப் படகில் வீரமணியின் மனைவி அனுசுயா ஒரே ஒரு முறை ஏறினார். அனுசுயா நல்ல உயரம். பந்தலில் பாகற்காய் பறிக்க ஏணி கேட்காதவர். வீரமணி அவர் தோளுக்கு மேலே கொஞ்சம் வருவார், அவ்வளவுதான். தரங்கம்பாடி வரை போய்த் திரும்புவதற்குள் படகின் அறைக்குள் அனுசுயா மூன்றாக மடிந்து உட்கார்ந்து, கரைக்கு வந்ததும் நிமிர முடியாமல், மடிந்தபடியே வீட்டுக்கு நடந்தார். வழியில் பார்த்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்துக் கூடவே தேடினார்கள்.

அன்று அவர் சொன்னது இதுதான்: "நிமிந்து நிக்க ஒரு இடம், சாத்திக்க ஒரு கதவு. இது ரெண்டும் இருந்தா எங்க வேணாலும் வர்றேன். இல்லாட்டி நீங்க போங்க. நீங்க போறதும் நான் இங்க இருக்கறதும் புதுசா என்ன?"

கடைசி வாக்கியம் வீரமணிக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இனித் தனியாக எங்கும் போவதில்லை என்று முடிவு செய்தார். கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கொச்சி வரை, துறைக்குத் துறை தங்கித் தங்கி, இருவருமாகப் போய் வர வேண்டும். அதற்கு நடுத்தரமான ஒரு புதுப் படகு வேண்டும். பைபாஸ் சாலை அவருடைய நிலத்தில் ஒரு துண்டை விழுங்கியதற்கு அரசாங்கம் கொடுத்த பணம் வங்கியில் இருந்தது. அது போதுமா என்பதுதான் கேள்வி.

மூன்று படகுகள் கண்ணில் பட்டன. புதுச்சேரியில் முப்பத்தோரடி, கொச்சியில் முப்பத்துமூன்றடி, கோவாவில் முப்பத்துநாலடி. மூன்று பட்டறைகளின் விளம்பரத்திலும் தை பிறக்கும்வரைதான் சலுகை விலை என்று இருந்தது. மார்கழி பிறந்திருந்தது.

முதலில் புதுச்சேரியைக் கூப்பிட்டார். விலையைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாய் தனி சார்" என்றார் பட்டறைக்காரர்.

"பாய்மரப் படகுதானே?"

"ஆமா சார். மரம் உண்டு. பாய் தனி. எஞ்சின் தனி. நங்கூரமும் தனி."

"அப்ப எதுக்கு சார் இந்த விலை?"

"படகுக்கு சார்."

வீரமணி போனை வைத்துவிட்டு மற்ற இரண்டு பட்டறைகளிலும் விலை கேட்டார். பிறகு மூன்று விலையோடும் பாய், எஞ்சின், நங்கூரம் எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட்டார். புதுச்சேரிதான் மலிவு என்று வந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கொச்சிக்காரர் பாயையும் எஞ்சினையும் முன்பே சேர்த்து விலை சொல்லியிருந்தது தெரிந்தது. அந்த ஒரு வாரமும் கொச்சிப் படகு வீரமணியின் மனசில் இரட்டைப் பாயும் இரட்டை எஞ்சினுமாகத் திமிரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்தால் கொச்சி மலிவாகிவிட்டது. உடனே கொச்சிக்காரர் கூப்பிட்டு, சொன்ன விலையில் வரி சேரவில்லை என்றார். கோவாக்காரர் வரியோடு சொல்லியிருந்தார், ஆனால் படகைக் கோவாவிலேயே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அனுசுயா குறுக்கே வந்தார். "இவ்வளவு எதுக்குக் குழப்பிக்கறீங்க? எது எவ்வளவு எடைன்னு கேளுங்க. கும்பகோணத்துல குடம் வாங்கறப்ப எடைக்குத்தானே காசு குடுக்கறோம்?"

வீரமணிக்கு இது பெரிய வெளிச்சமாகத் தெரிந்தது. மூன்று பட்டறைக்கும் போன் போட்டு எடை கேட்டு, கிலோ என்ன விலை என்று வகுத்தார். படகை யாரும் இதுவரை கிலோ கணக்கில் கேட்டதில்லை என்று கோவாக்காரர் இந்தியும் ஆங்கிலமும் கலந்து சிரித்தார். எடையில் பெரும்பங்கு, படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கவிடும் ஈயம் என்றும் சொன்னார்.

"அப்ப ஈயம் அதிகமா இருக்கறது நல்லதா, கெட்டதா?" என்றார் அனுசுயா.

வாழ்க்கையில் பாதி நாள் அந்த ஈயத்தைச் சுரண்டிய வீரமணி, கிலோக் கணக்கு எழுதிய காகிதத்தை மடித்துப் பரணில் போட்டார்.

காகிதத்தில் பார்த்துக் குழம்புவதைவிட நிஜ அளவில் பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இருந்தது. சம்பா அறுவடைக்கு நாள் இருந்ததால் களம் காலி. வீரமணி முளை அடித்து, கயிறு பிடித்து, அனுசுயாவின் மார்கழிக் கோலமாவையே எடுத்து மூன்று படகுகளையும் பக்கம் பக்கமாக வரைந்தார். அடுப்பு, படுக்கை, கழிப்பறை, ஏறி வரும் படி எல்லாம் கோட்டில் வந்தன. உள்ளே நிற்கும் உயரம் தெரிய, மூங்கில் நட்டு ஒவ்வொரு படகுக்கும் மேலே கயிறு கட்டினார்.

விடிந்ததும் கூட்டம் வந்து அனுசுயாவைச் சூழ்ந்துகொண்டது.

"என்னக்கா, மூணு மீன் கோலமா?"

"படகு."

"படுக்கற ரூம் ஏன் இப்படிக் கூம்பா இருக்கு? காலை எங்க நீட்டறது?"

"அங்கதான். ரெண்டு பேர் காலும் ஒரே மூலைக்குப் போவும்."

"சண்டை போட்டா?"

"அதுக்கு அந்தாண்ட ஒரு பலகை இருக்கு பாரு. அவரு அங்க."

ஊர் மூன்றே நாளில் அந்தப் படகுகளுக்குப் பழகிவிட்டது. களத்தைக் கடந்து போகிறவர்கள் கோட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, படி வரைந்திருந்த இடத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போனார்கள். கழிப்பறைக் கோட்டுக்குள் தெரியாமல் கால் வைத்த ஒருவர் வீட்டுக்குப் போய்க் குளித்தார். ஒரு வெள்ளாடு கொச்சிப் படகின் நடுவில் ஏறியதும் தள்ளாடி விழுந்ததாகவும், அதற்குக் கடல் மயக்கம் வந்துவிட்டதாகவும் சொன்னவர்கள் பொய் சொல்கிறவர்கள் அல்ல.

இந்த ஒத்திகையில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. புதுச்சேரிப் படகில் அனுசுயா நின்றால் கொண்டையும் பூவும் கயிற்றுக்கு மேலே இருந்தன. அது போயிற்று. கொச்சிப் படகில் எல்லாம் சரி, ஆனால் வரியைச் சேர்த்தபோது பைபாஸ் சாலை இன்னொரு துண்டு நிலத்தை எடுத்திருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. அதுவும் போயிற்று. மிச்சம் கோவா. தலை இடிக்கவில்லை, கதவும் உண்டு, பணமும் இழுத்துப் பிடித்தால் எட்டிவிடும். கோவாவிலிருந்து கொண்டுவரும் செலவா? அங்கிருந்தே ஏறிவிட்டால் கன்னியாகுமரியைச் சுற்றி வீட்டுக்கு வருவதே முதல் பயணமாகிவிடும். வீரமணிக்கு முதல்முறையாக நெஞ்சு லேசானது.

அப்போதுதான் அனுசுயாவின் அண்ணன் அய்யாவு வந்தார். வயலும் உண்டு, கொத்தனார் வேலையும் தெரியும். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகள் அவர் மனையடி சாஸ்திரம் பார்த்து அளவு சொல்லிக் கட்டியவை. இந்த அளவுக்கு அறை இருந்தால் செல்வம் சேரும், அந்த அளவுக்கு இருந்தால் நோய் வரும் என்று அடி அடியாக அதில் பலன் போட்டிருக்கும். அய்யாவு கோவாப் படகின் மீது டேப்பைப் போட்டு, முனையிலிருந்து முனை வரை அளந்தார். இடுப்பிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். முகம் மாறியது.

"முப்பத்துநாலு ஆவாது மாப்ள."

"ஏன் மச்சான்?"

"வீட்டை விட்டுப் போவான்னு இருக்கு."

"இது வீடு இல்லையே."

"அடுப்பு இருக்கு, படுக்கை இருக்கு, கக்கூஸ் இருக்கு. வீடு இல்லாம என்ன?"

வீரமணி திணறினார். "அது மேல்மட்டத்து அளவு மச்சான். தண்ணி தொடற இடத்துல அளந்தா இருபத்தொம்போதுதான் வரும்."

"எந்த ஊர்ல வீட்டைத் தண்ணிக்குள்ள வெச்சு அளப்பாங்க?"

"நம்ம ஊர்ல ஐப்பசியில எல்லா வீடும் தண்ணிக்குள்ளதானே இருக்கு."

"கிண்டல் வேணாம் மாப்ள. நான் அளவு சொன்ன வீட்டுல ஒருத்தன் கெட்டதில்ல. ஓரடி குறைக்கச் சொல்லு, முப்பத்துமூணு நல்ல அளவு."

படகைப் பின்னால் ஓரடி வெட்ட முடியுமா என்று வீரமணி நிஜமாகவே யோசித்தார். கோவாக்காரரைக் கூப்பிட்டும் விட்டார். அவர் கேள்வியை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னார். படகைத் திருப்பும் சுக்கான் அங்கேதான் இருக்கிறது என்று பதில் வந்தது.

அண்ணன் சொல்லைத் தட்டி அனுசுயா ஒரு கன்றுக்குட்டிகூட வாங்கியதில்லை. வீரமணி மனைவியைப் பார்த்தார். அவர் கோவாப் படகின் அடுப்பங்கரைக் கோட்டுக்குள், கயிற்றுக்குக் கீழே, நேராக நின்றுகொண்டிருந்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வீரமணி படிக்கட்டுக் கோட்டின் மேல் உட்கார்ந்தார்.

"அண்ணே, அதை இன்னொரு தரம் படிங்க."

அய்யாவு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முப்பத்துநாலு. வீட்டை விட்டுப் போவான்."

"யாரு?"

"குடியிருக்கறவன்."

"அவன் பொண்டாட்டி?"

அய்யாவு பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அவளப் பத்தி ஒண்ணும் போடல."

"எங்க வீடு நீங்கதானே அளந்தீங்க?"

"ஆமா. ரொம்ப நல்ல அளவு."

"அந்த நல்ல அளவுல இருந்துதான் இவரு சிங்கப்பூர் போனாரு. நான் மட்டும் அந்த நல்ல அளவுல உக்காந்துக்கிட்டு இருந்தேன், இருபது வருஷம்." அனுசுயா கோலமாவு ஒட்டிய காலை உதறிக்கொண்டார். "போவான்னு போட்டிருந்தா போவட்டும். இந்த வாட்டி நானும் போறேன்."

அய்யாவு பஞ்சாங்கத்தை மூடினார். வீரமணிக்குத் தனக்குச் சாதகமாக ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்தது. தன்னைத் திட்டித்தான் அது நடந்ததா என்பது மட்டும் விளங்கவில்லை. போன் இன்னும் காதிலேயே இருந்தது. கோவாக்காரர் "சார், வெட்டணுமா, வேண்டாமா?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம்" என்றார் வீரமணி. "முழுசா வேணும்."

அய்யாவு ஓரமாகப் போய் உட்கார்ந்து பஞ்சாங்கத்தின் வேறு பக்கத்தை எடுத்தார். தோற்றவர் குரலில் இல்லை, வேலை இருப்பவர் குரலில் கேட்டார். "சரி. கெளம்பற அன்னிக்குச் சூலம் பாக்கணும், ஒவ்வொரு நாளைக்கும் ஒரு திக்கு ஆவாது. எந்தத் திக்குல போவீங்க?"

"தெக்கே. காத்து விட்டா."

"விடாட்டி?"

"மேக்கே கொஞ்ச தூரம், அப்பறம் கெழக்கே கொஞ்ச தூரம், திரும்பவும் மேக்கே. இப்படி வளைஞ்சு வளைஞ்சு. குமரியைச் சுத்துனா அப்பறம் வடக்கே."

அய்யாவு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். நான்கு திக்குக்கும் சேர்த்து ஒரே நாளில் சூலம் இல்லாத நாள் உண்டா என்று, விரலை எச்சில் தொட்டுத் தொட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டத் தொடங்கினார்.