ஊசியின் தட்டைப் பக்கம்

ஐயா,

மார்ச் 11 அன்று தங்கள் கடை மெக்கானிக் தந்த சர்வீஸ் சீட்டில், "மெஷினில் குறை இல்லை; தைப்பவருக்குத் தைக்கத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். அந்த வரி பிழை என்பதே என் குற்றச்சாட்டு.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக நின்றுகொண்டே விரிப்பு மடிப்பவள் நான். முழங்கால் இனி தாங்காது. அங்கேயே தையல் அறையில், உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலியாக உள்ளது. நானே தைத்த தலையணை உறையைக் காட்டினால் அந்த இடம் எனக்கு என்றார் மேற்பார்வையாளர். அதற்காகவே என் முதல் தையல் மெஷினைத் தங்களிடம் வாங்கினேன். பழையதுதான், ஆனால் கையேட்டோடு தந்தீர்கள்.

கடையில் ஒழுங்காகத் தைத்தது. வீட்டுக்கு வந்ததும் கையேட்டைப் பிரித்தேன். ஊசியின் தட்டைப் பக்கம் வலப்புறம் இருக்க வேண்டும் என்றது ஏழாம் பக்கம். ஊசியோ இடப்புறம் பார்த்திருந்தது. கழற்றித் திருத்தி மாட்டினேன். அதன்பின் ஒரு தையல்கூட விழவில்லை.

மெக்கானிக் வந்தார், ஊசியைத் தொட்டார், தைத்தார். "அருமையா ஓடுதேக்கா!" என்றார். அவர் படியிறங்கியதும் மறுபடி ஏழாம் பக்கத்தின்படி திருத்தினேன். மறுபடி நின்றது. "அதுக்கு உன்னைக் கண்டாத்தான் ஆகல," என்றார் என் கணவர். இரண்டாம் முறை வந்தபோதுதான் அந்தச் சீட்டு.

தாமதத்துக்குச் சான்று வேண்டுமே என்று அதன் நகலை நானே மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தைக்கத் தெரியாதுன்னு நீங்களே எழுதி வாங்கிட்டு வந்திருக்கீங்களேம்மா!"

மறுநாள் என் நாத்தனார் வந்தாள். நான் ஊசியைக் கழற்றுவதைப் பார்த்தாள்.

"நல்லா இருந்த ஊசிய எதுக்கு அண்ணி கழட்டுறீங்க?"

"புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"அட்டைப் படத்துல இருக்கிறது நம்ம மெஷினா அண்ணி? அதுக்கு நூல இறுக்குற திருகு முன்னால இருக்கு. நம்மளுதுக்கு ஓரத்துல."

மூன்று முறை படித்த நான் அட்டையைப் பார்க்கவில்லை. படிக்காமலே இருந்திருந்தால் முதல் நாளே தைத்திருப்பேனா? தைக்கத் தெரியாதவள் என்பது அன்றைக்கு உண்மைதானா? இரண்டு நாளாக யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

ஊசியைப் பழையபடி இடப்புறமாக மாட்டி உறையைத் தைத்து முடித்தேன். ஒரு மூலை வளைந்திருக்கிறது. அது என் குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீட்டு கோப்பில் ஏறிவிட்டதாம். கடைக்காரர் மாற்றி எழுதித் தந்தால்தான் மேற்பார்வையாளர் உறையைப் பார்ப்பாராம். வெள்ளிக்கிழமை அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சீட்டு, ஏழாம் பக்கம், அட்டை ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். கையேட்டைத் திருப்பித் தர இயலாது, அது ஆவணம். வேறு மெஷினின் கையேட்டைத் தந்தீர்களா, இல்லையா என்று வியாழன் மாலைக்குள் கையொப்பமிட்டு எழுத்தில் பதில் தரவும். மெக்கானிக்கிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம்.