கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தவர்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு பல்கலைக்கழகத்தில் டைப்பிஸ்ட். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் எங்கள் சிண்டிகேட், அதாவது ஆட்சிக்குழு, கூட்டமும் அங்கேதான். உறுப்பினர்களுக்கு அருவிக்குப் போகிற அவசரம். அதனால் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று ஆபீசிலேயே அடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பது பதிவாளர் உத்தரவு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி இருக்கும்.

அந்த ஆண்டு புதிதாக ஒருவர் உறுப்பினராக வந்திருந்தார். கட்டையான உருவம், முழங்கை வரை மடித்துவிட்ட கதர்ச் சட்டை. எந்தத் தாளையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். ஆராய்ச்சி நிதியில் ஒரு கருவி வாங்கும் தீர்மானம் வந்தது. கடைசிப் பக்கத்தில், மூன்று இருக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு கம்பெனியின் கொட்டேஷன்தான் இருந்தது. மற்றவர்கள் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாகக் காத்திருந்தார்கள்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஏன்வே, நான் இன்னும் வாயே தொறக்கல. அதுக்குள்ள சரின்னு அடிச்சிட்டீரே?”

துணைவேந்தர் சிரித்தார். “ஒங்க ஒரு ஓட்டால கருவி வராம நின்னுருமா அண்ணாச்சி?”

“நிக்காதுய்யா. ஆனா நான் சம்மதிச்சேன்னு ஒரு பய சொல்லப்பிடாது. அந்த வார்த்தைய வெட்டும்வே. வெட்டாம என் கையெழுத்து கெடையாது.”

வெட்டிவிட்டு, ‘ஒருவர் நீங்கலாக’ என்று பேனாவால் எழுதினேன். கருவி வந்தது. அடுத்த ஆண்டு உறுப்பினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அதன்பிறகும் தீர்மானங்களை முன்கூட்டியேதான் அடித்தேன். ஆனால் ‘ஏகமனதாக’ வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். ஏன் என்று பதிவாளர் கத்தினார்.

“மெம்பருங்க இன்னும் வாயத் தொறக்கலையே சார்” என்றேன்.