ஆறாம் மாதத்துக் கப்பல்

அந்தப் பிள்ளை உயிரோடு பிறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்பவர்கள் பாதியில் சிரித்த முகத்தோடு "பொண்ணா, பையனா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அப்புறம் அவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை அது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலேறிப் போகும் ஹட் பேயில் என் வீட்டுக்காரருக்கு மின்சார இலாகாவில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும்தான். மாமியார் இலங்கை மலைத்தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டம் நடந்த காலம் முழுக்க அதில் குலை சுமந்தவர். என் வீட்டுக்காரரை வயிற்றில் வைத்துக்கொண்டும் சுமந்திருக்கிறார். அதனால் கர்ப்பிணி என்றால் படுத்துக் கிடப்பாள் என்பதே அவருக்குப் புரியாத விஷயம்.

"சும்மா கெடக்காத புள்ள. கெடந்தா ஒடம்பு இறுகிப் போகும். பெறக்குள்ள நீதான் கஷ்டப்படுவ."

மெயின்லேண்டிலிருந்து என் அம்மா போனில் "படு, படு" என்பாள். இங்கே இவர் "நட, நட" என்பார். கால் வீங்கினால் நட, வீங்காவிட்டாலும் நட. ஹெல்த் சென்டர் நர்ஸும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டதால் என் அம்மா கட்சி தோற்றது. காலையில் மாமியார் ஒரு குச்சியோடு முன்னால் போவார், நாய்களை விரட்ட. நான் பின்னால் போவேன். கப்பல் நிற்கும் ஜெட்டி வரை போய், கடலைப் பார்த்துக் கொஞ்சம் நின்று, திரும்புவோம்.

ஐந்தாம் மாதம் வாந்தி நின்று, உடம்பு தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது. தொப்புளிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு ஓடியது. கொஞ்ச நாளில் தொப்புளே வெளியே வந்து எட்டிப் பார்த்தது. என் செருப்பு காலில் ஏறவில்லை. என் வீட்டுக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். இருமினால் அடிவயிற்றின் ஓரத்தில் சுளீரென்று இழுத்தது. சாப்பிட்டால் நெஞ்செரிச்சல், சாப்பிடாவிட்டால் பசி. எல்லாவற்றையும் அவரிடம் புகார் மாதிரி சொல்வேன். ஆனால் சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்காது. இத்தனை வருஷம் மற்றவர்கள் சொல்லிக் கேட்ட புகார்கள் அவை.

முதல் அசைவு ஒரு காலையில், நடந்துவிட்டு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. மீன் துள்ளுவது போல இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. கண் இமை தானாகத் துடிக்குமே, அது வயிற்றுக்குள் நடந்தது மாதிரி இருந்தது. டம்ளரைக் கீழே வைக்கக்கூட பயந்து உட்கார்ந்திருந்தேன். அவருக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. அவர் ஓடிவந்து கையை வைத்தால் அது நின்றுவிடும். "அப்பன்னா பயம் போல," என்று கிண்டல் செய்வேன். அவர் சிரித்தாலும் உள்ளுக்குள் அவருக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியும்.

நடக்கும்போது மட்டும் ஒன்றும் தெரியாது. மாமியாரிடம் கேட்டேன். "நீ நடக்குறது அதுக்குத் தொட்டில் ஆட்டுற மாதிரி. தூங்கிப் போகும்," என்றார்.

ஆறாம் மாதத்தில் ஒரு ஸ்கேனுக்காகப் போர்ட் பிளேர் போக வேண்டியிருந்தது. மழைக்காலம். கடல் சரியில்லை என்று கப்பலை ரத்து செய்துகொண்டே இருந்தார்கள். காத்திருந்த நாட்களில் அசைவு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மாமியார் வயிற்றில் கை வைத்துப் பார்த்து, "தூங்குது," என்றார். நானும் நம்பினேன். ஒருவழியாகக் கப்பல் கிளம்பியது. மாமியார் வீட்டிலேயே இருந்துகொண்டார். எங்களுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில், இன்ஜின் பக்கத்துப் பங்க் படுக்கை.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து வயிற்றில் கை வைத்தேன். அசைந்தது. விட்டுவிட்டு இல்லை, நிற்காமல் அசைந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "என்னங்க, இங்க வாங்க. இன்னிக்கு அசையுறான் பாருங்க," என்றேன்.

அவர் கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவே இல்லை. வழியெல்லாம் பங்க் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்தபடி வந்தார். முதுகு வலிக்கும், கையை எடுங்கள் என்றேன், கேட்கவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற கூச்சமில்லாமல் வயிற்றிடம் பேசினார். "கப்பல் புடிச்சிருக்கா உனக்கு? உங்க அப்பத்தாவும் கப்பல்லதான் வந்துச்சு." அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

மறுநாள் ஸ்கேன் அறையில் டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு இந்தியில், துடிப்பு கிடைக்கவில்லை என்றார்.

என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "நேத்து அசைஞ்சது டாக்டர். நானே கை வச்சுப் பாத்தேன். வர்ற வழி முழுக்க அசைஞ்சது," என்று இந்தியில் வாதாடினார். துடிப்பு நின்று சில நாட்கள் ஆகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் பொறுத்து, கப்பலில் எங்கே படுத்திருந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"கீழதான், இன்ஜின் பக்க..." என்றவர் அதோடு நிறுத்திவிட்டார். இன்ஜினின் அதிர்வு கட்டிலில் ஏறி, என் உடம்பில் ஏறி, அவர் உள்ளங்கைக்குப் போயிருக்கிறது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை போனதை விட அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெண் பிள்ளை. அவர்தான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு போய் மண்ணில் வைத்துவிட்டு வந்தார்.

மாமியாருக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். "நான் நடக்கச் சொன்னதுனாலயா புள்ள?" என்றார். இல்லை அத்தை, நடந்ததாலும் இல்லை, கப்பலாலும் இல்லை, டாக்டரே சொல்லிவிட்டார் என்றேன். அவர் நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

என் உடம்புக்கு மட்டும் யாரும் சேதி சொல்லவில்லை. பால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது. கால் வீக்கம் அப்படியே இருந்தது. வயிறும் உடனே இறங்கவில்லை. அந்த வயிற்றோடுதான் ஊருக்குத் திரும்ப ஜெட்டிக்குப் போனேன்.

காத்திருக்கும் கூடத்தில் நல்ல கூட்டம். ஒரு வங்காளிப் பெண்மணி என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். "பைட்டோ பேட்டி," என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இந்தியில் எத்தனை மாசம் என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆறு என்றேன். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும் என்றார். நடக்கிறேன் என்றேன். பிள்ளை நன்றாக அசைகிறதா என்று கேட்டார்.

பைகளைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றிருந்த என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"நல்லா அசையும், மாஜி," என்றார். "நான் கை வச்சுப் பாத்திருக்கேன்."