சாக்சன் படையும் நானும்: சிட்னி – மெல்பேர்ன் காரில், 1976

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குக் காரில் போகலாமா என்று மூன்று நான்கு பேர் கேட்டு எழுதியிருந்தீர்கள். போகலாம். இப்போது ஒன்பது பத்து மணி நேரத்தில் போய்விடலாம். நான் முதலில் போனது 1976 நவம்பரில். பன்னிரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. அதைப் பற்றி இத்தனை காலம் எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் காரணமில்லை, வெட்கம்தான்.

நானும் செல்வமும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிட்னியில் வரலாறு படித்தவர்கள். நகரின் மேற்கே லிட்கம்மில் ஒரே அறை, ஒரே குசினி, ஒரே சட்டிச் சமையல். ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பிரெஞ்சுக்காரருக்கு எதிராக ஐரோப்பிய அரசுகள் கூட்டணி கட்டுவதும் உடைப்பதும். இருவருக்கும் படிப்பு விசா முடிய மூன்று மாதம் இருந்தது. மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரேயொரு ஆசிரியர் இடம் விளம்பரமானது. கிடைத்தால் நாட்டில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும்.

செல்வம்தான் வழி கண்டுபிடித்தான். யாரைத் தெரிவு செய்தாலும், அந்த இடத்தை இரண்டு அரை வேலையாகப் பிரித்து மற்றவனுக்கும் தரச் சொல்லிக் கேட்பது. அரை வேலைக்கும் விசா நீட்டுவார்கள் என்று விசாரித்தும் வைத்திருந்தான். எழுதி வைப்போமா என்று இருவரும் கேட்கவில்லை. ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் தங்களுக்குள் கடதாசி எழுதுவது எங்கள் ஆட்களுக்கு அவமானம். அரசர்கள் கையெழுத்துப் போட்டே காற்றில் விட்டதை வருடக்கணக்காகப் படித்த இரண்டு பேர் செய்த வேலை இது!

காலை நாலரைக்குப் புறப்பட்டோம். கார் செல்வத்துடையது. எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது. கோல்பேர்ன் வந்தபோது ஏழு மணி. 390 கிலோமீட்டரில் கண்டகாய், பத்தேகால். அங்கே பெட்ரோல் அடித்தவர் எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீலங்கா என்றால் விளங்கவில்லை. சிலோன் என்றதும் "ஆ, தேயிலை" என்று தலையாட்டிவிட்டுப் போனார். போகும் வழிக்கு மட்டும் பெட்ரோல் பதினாறு டாலர்.

வழி முழுக்க வாதம். 1813இல் லைப்சிக் சண்டையில் பிரெஞ்சுக்காரரோடு நின்ற சாக்சன் படை, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் போய்விட்டது. அதில் எனக்குச் சரியான கோபம்.

"கூட நிண்டவனை நடுச்சண்டையில விட்டிட்டுப் போறது என்ன மனுசத்தனம்?" என்றேன்.

"மச்சான், ஒஸ்திரியாவும் பிரஷியாவும் முந்தின வருசம் பிரெஞ்சுக்காரனோடதானே ரஷ்யாவுக்குப் போனவை? அடுத்த வருசம் ரஷ்யாவோட சேர்ந்து அவனையே அடிச்சவை. ராசாமார் மாறினா ராசதந்திரம், படை மாறினா துரோகமோ?" என்று சிரித்தான் செல்வம்.

அல்பரியில் ஆற்றங்கரை மரநிழலில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். மாலை ஐந்தேகாலுக்கு மெல்பேர்னின் புறநகரான நோபல் பார்க். செல்வத்துக்குத் தெரிந்த அன்ரி ஒருவர் வீட்டில் தங்கினோம்.

மறுநாள் நேர்முகம். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது ஒரு கோட். பத்து மணிக்கு அவன் அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். வெளியே வந்ததும் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, கொலரையும் இழுத்துச் சரிசெய்தான்.

"நான் கேட்டிட்டன். நீயும் கேள். பயப்பிடாமக் கதை," என்றான்.

பேராசிரியர் சாக்சன் படையைப் பற்றித்தான் கேட்டார். காரில் செல்வம் சொன்னதை என் கருத்தாக எடுத்து விட்டேன். அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பிறகு, "உங்கள் நண்பர் தன்னைத் தெரிவு செய்தால் பாதியை உங்களுக்குத் தரச் சொன்னார். உங்கள் விருப்பம் என்ன?" என்றார். அரை வேலையென்றால் கடைசியில் இருவரையுமே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் என்று பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆசை. முழு இடமும் எனக்கு வேண்டும் என்றேன்.

திரும்பும்போது பாடங்களை இரண்டு பங்காக்கிக்கொண்டே ஓட்டினான். "திங்களும் செவ்வாயும் நீ படிப்பி, மிச்சத்தை நான் பாக்கிறன்." நான் "ஓம், ஓம்" என்றபடி யன்னலால் மாடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பரில் கடிதம் எனக்கு வந்தது.

"பிரிச்சுத் தரச் சொல்லிக் கேட்டனியோ?" என்றான் செல்வம்.

"கேட்டனான். ஏலாது எண்டிட்டினம்."

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தான். பிறகு எழும்பிப் போய் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றினான்.

பெப்ரவரியில் அவனுக்கு விமானம். அதற்கு முந்திய வாரம், என் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அதே 880 கிலோமீட்டர் என்னை மெல்பேர்னுக்கு ஓட்டி வந்ததும் அவன்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல்கலைக்கழக நடையில் பேராசிரியர் அவனை அடையாளம் கண்டு கை கொடுத்தார். "பாதியைத் தருகிறேன் என்றவர் நீங்கள்தானே? நாங்கள் பிரிக்கத் தயாராகத்தான் இருந்தோம். உங்கள் நண்பர் முழுதும் வேண்டும் என்றுவிட்டார்."

செல்வம் அவருக்கு நன்றி சொன்னான். என்னைப் பார்க்கவில்லை. காரில் மிச்சமிருந்த இரண்டு பெட்டிகளையும் என் அறை இருந்த மாடிக்குச் சுமந்து வந்து வைத்தான். எங்கள் ஊரில் வீட்டை விட்டு இறங்கும் எவரும் 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். அவன் "போறன்" என்றான். பிறகு மூன்று கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

அந்தப் பாடத்தை இருபத்திரண்டு வருடம் படிப்பித்தேன். சாக்சன் படை ஏன் மாறியது என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். செல்வத்தின் பதிலைச் சொல்வேன், அவன் பெயரைச் சொல்லாமல்.

சரி, போகிறவர்களுக்கு: விடியமுன் புறப்படுங்கள். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். இருவருக்கும் ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டிய உண்மை ஏதாவது இருந்தால், பன்னிரண்டு மணி நேரம் தாராளமாகக் காணும். எனக்கு அது இரண்டு முறை கிடைத்தது.