இடைவெளி விட்டுக் கட்டிய சுவர்

மரியதாஸ் மேஸ்திரி செய்த காரியம் எனக்குத் தெரிந்தபோது கலவை காய்ந்து இறுகிவிட்டிருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரம் கடற்கரையில் மீன்படகுகள் ஒதுங்குவதற்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிக்கொண்டிருந்தோம். நான் கிரேனுக்குக் கொடி காட்டும் கலாசி. ஒவ்வொரு கான்கிரீட் பிளாக்கும் ஒரு மாட்டு வண்டி அளவு. ஒரு பக்கம் முண்டு, எதிர்ப்பக்கம் பள்ளம். ஒன்றின் முண்டு அடுத்ததன் பள்ளத்தில் போய் உட்காரும். அலமாரியில் சரிந்து நிற்கும் புத்தகங்களைப் போல ஒன்றன் மேல் ஒன்றைச் சாய்த்து இறக்குவோம். நடுவில் கலவை கிடையாது, விரல் நுழையும் சந்து தெரியும்.

இன்ஜினியர் முதல் நாளே சொல்லிவிட்டார். "கீழே கொட்டின கருங்கல் இன்னும் அமுங்கும்ப்பா. அப்போ ஒவ்வொரு பிளாக்கும் தனித்தனியா வழுக்கி இறங்கணும். முண்டு இருக்கிறதால வரிசை விட்டு விலகாது. சந்துல எதையும் வைக்காதீங்க."

மரியதாசுக்கு அந்தச் சந்து பொறுக்கவில்லை. மாதா கோயில் மதிலுக்கும் மாடி வீடுகளுக்கும் பூசிய கை அது. ஓட்டையை விட்டுவிட்டுப் போவது அவருக்கு இடுப்பு வேட்டி அவிழ்ந்த மாதிரி. போதாததற்கு, அவருடைய அண்ணன் அந்தோணி கடன் பட்டு வாங்கிய புதுப் படகு அந்தச் சுவருக்குப் பின்னால்தான் நின்றது. கிரேன் ரிப்பேரான ஒரு நாள், கரைப்பக்க முனையில் சந்துகளையெல்லாம் சிமெண்டால் அடைத்துவிட்டார்.

"இன்னா மேஸ்திரி, சார் வேணான்னு சொன்னாரே?" என்றேன்.

"இம்மாம் சந்து வுட்டா தண்ணி உள்ள வராதா பாய்? அண்ணன் படகு கீது. நீ கம்முனு இரு."

பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த முனை மட்டும் ஒரே கல்லில் செதுக்கியது போல நின்றது. நானும் கம்மென்று இருந்தேன்.

ஐப்பசியில் காற்று திரும்பியது. காலையிலிருந்தே அலை சுவருக்கு மேலே ஏறி அடித்தது. நாங்கள் கரையில் படகுகளின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கலவை இல்லாத நீளம் முழுக்க அசைந்தது. ஒரு பிளாக் கொஞ்சம் இறங்கும், அடுத்தது அதன் மேல் சாயும், சந்து வழியே தண்ணீர் பீறிட்டு வந்து அதே வழியாகத் திரும்பிப் போகும். சுவரின் மேல்விளிம்பு பாம்பு மாதிரி வளைந்துவிட்டது. ஆனால் ஒரு பிளாக்கும் வரிசை விட்டு விலகவில்லை.

மரியதாசின் முனை அசையவே இல்லை. அடியில் கருங்கல் அமுங்கி இறங்கிய பிறகும் பாலம் போல அந்தரத்தில் நின்றது. பின்பு ஒரே சத்தம். அத்தனையும் மொத்தமாக முறிந்து கடலில் விழுந்தது. உடைப்பு வழியாக அலை உள்ளே பாய்ந்தது.

"அண்ணே, படகு" என்று மரியதாஸ் ஓடினார். எல்லோரும் சேர்ந்து அந்தோணியின் படகை, வளைந்து நின்ற சுவருக்குப் பின்னால் இழுத்துக் கட்டினோம். உடைப்பை ஒட்டியிருந்த பிளாக்குகள் ஆதரவு போனதும் சரிந்தன. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். சரிந்தவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நின்றுவிட்டன. உடைப்பு அதற்கு மேல் அகலவில்லை. படகில் ஒரு பலகை விரிசல் விட்டது, அவ்வளவுதான். எத்தனையோ சுவர் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் ஒரு சுவருக்குச் சலாம் வைத்தேன்.

மறுநாள் மரியதாஸ் தானே போய் நின்றார். "சார், கலவ வெச்சது நான்தான்."

இன்ஜினியர் உடைந்த முனையைக் காட்டினார். "திரும்பவும் நீங்களே கட்டுங்க. உங்களைவிட ஜாக்கிரதையா இனிமே யாரும் கட்டமாட்டாங்க" என்றார். அந்த இன்ஜினியர் மீதும் எனக்கு அன்றைக்குப் பெரிய மரியாதை வந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கெட்டியாக ஒட்டிக்கொண்டது எல்லாம் பலமில்லை. கொஞ்சம் நகர இடம் கொடுத்தால், நகர்ந்த பிறகும் தாங்கும்.

உடைந்த முனையைத் திரும்பக் கட்டி முடித்தபோது அந்தோணி வந்தார். சந்தில் கைவிட்டுப் பார்த்தார். "தம்பி, இத்தையாவது கொஞ்சம் அடைச்சுடேன். பயமா கீதுடா."

"பயமாத்தான்ணே கீது எனக்கும்" என்றார் மரியதாஸ். "ஆனா அடைக்க மாட்டேன்."

அந்தோணி சந்திலிருந்து கையை எடுத்தார். பிறகு படகைத் தள்ளிக்கொண்டு வந்து, அந்தச் சந்துக்கு நேர் பின்னால் கட்டினார்.